அம்மா கையில் ஊசி

ஹீமோஃபிலியா பிரிவில் செவிலியராக நான் செய்த வேலைகளில் முக்கியமானது எது என்று கேட்டால், ஊசி போட்டதைச் சொல்ல மாட்டேன். ஊசி போடப் பிறருக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்வேன். அம்மாக்களுக்கு, சில வீடுகளில் அப்பாக்களுக்கு, ஒரு வீட்டில் பெரியம்மாவுக்கு, விவரம் தெரியும் வயது வந்ததும் அந்தப் பையன்களுக்கே.

காரணம் நேரம்தான். முழங்காலுக்குள் ரத்தம் கசியத் தொடங்கினால் கூடியவரை 2 மணி நேரத்துக்குள் மருந்து ஏறிவிட வேண்டும். எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் கரிசல்காட்டு ஊர்க்காரர்கள். பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து "கால் ஒரு மாதிரி இருக்கும்மா" என்பான். காட்டு வேலைக்குப் போன அப்பா வர வேண்டும், கையில் காசு பார்க்க வேண்டும், கடைசி பஸ் கிடைக்க வேண்டும். அவனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருகிறபோது பெரும்பாலும் மறுநாள் காலையாகியிருக்கும். முட்டி பருத்து, தோல் மினுமினுத்து, தொட்டாலே அலறுவான். அதற்குப் பிறகு நாங்கள் ஏற்றும் மருந்து கசிவை நிறுத்தும். மூட்டுக்குள் ஏற்கெனவே தேங்கிய ரத்தம் செய்த சேதத்தைத் திருப்பி எடுக்காது.

இந்த நோயைப் பற்றி ஊரில் உள்ள எண்ணம், சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் கொட்டிச் செத்துப்போவார்கள் என்பது. அப்படியில்லை. ரத்தம் வேகமாகக் கொட்டாது. நெடுநேரம் நிற்காது, அவ்வளவுதான். ரத்தம் உறைவதற்குப் பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். அவற்றைக் காரணி, அதாவது ஃபேக்டர், என்பார்கள். அதில் எட்டாவது காரணி குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ, ஒன்பதாவது குறைந்தால் பி. அளவு 1 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு அடிபடாமலேகூட உள்ளுக்குள் கசியும். முழங்கால், கணுக்கால், முழங்கை என்று கீல்போல மடங்கும் மூட்டுகளில்தான் அதிகம். ஒரே மூட்டில் மறுபடி மறுபடி கசிந்தால் உள்சவ்வு தடித்து, அதிலிருந்து இன்னும் எளிதாக ரத்தம் கசியும். குருத்தெலும்பு அரிக்கப்படும். இருபது வயதில் அறுபது வயதுக்காரரின் முழங்காலோடு நடக்கிற இளைஞர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆகவே குறைந்த காரணியை ஏற்றும் ஊசி வீட்டில் இருக்க வேண்டும். போடத் தெரிந்த கையும் வீட்டில் இருக்க வேண்டும்.

கற்றுக்கொடுக்கிற முறை எனக்கு நானே வகுத்துக்கொண்டது. முதல் நாள் ஊசியைக் காட்டவே மாட்டேன். குப்பியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்துக் குளிர் போனபின் மருந்துத் தூளில் நீரைச் செலுத்தி, இரு உள்ளங்கைக்கு நடுவே மெல்ல உருட்ட வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும். காலாவதியான குப்பிகளை வைத்துப் பழகச் சொல்வேன். பிறகு கணக்கு. எட்டாவது காரணி என்றால் ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட் ஏற்றினால் ரத்தத்தில் அளவு 2 சதவீதம் உயரும். ஒன்பதாவது என்றால் ஏறத்தாழ 1 சதவீதம்தான். 20 கிலோ பையனுக்கு 40 சதவீதம் உயர்த்த வேண்டுமென்று டாக்டர் எழுதினால், இருபதை நாற்பதால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். 400 யூனிட். குப்பி 250, 500 என்று வரும். 500 குப்பியை உடைத்தால் மிச்சம் வைக்காமல் முழுதும் ஏற்றிவிடலாம். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு அம்மா இந்தக் கணக்கை ஒரே நாளில் பிடித்துக்கொண்டு, அடுத்த வாரம் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

கடைசியில்தான் நரம்பு. எங்கள் பக்கம் ரத்தக்குழாயை நரம்பு என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். முதலில் என் புறங்கையில் போடச் சொல்வேன். உப்புநீர்தான், மருந்தில்லை. "ஐயோ சிஸ்டர், உங்களுக்கு வலிக்குமே" என்று பின்வாங்குவார்கள். வலித்தால் நான் சொல்வேன், உங்கள் மகன் சொல்லத் தெரியாமல் அழுவான், அதனால் என்னிடம் பழகிக்கொள்ளுங்கள் என்பேன். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை நனைத்தால் நரம்பு எழும்பும். பையன்களுக்கு ரப்பர் பந்து கொடுத்து அழுத்தச் சொல்வோம். சில மாதங்களில் நரம்பு நன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். பட்டர்ஃப்ளை ஊசியின் குழாயில் ரத்தம் ஏறியதும் அந்த அம்மாக்கள் மூச்சை விடுகிற சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். ஊசியை எடுத்தபின் தேய்க்கக் கூடாது, ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். இதைமட்டும் பத்துத் தரம் சொல்வேன்.

கை தேறியபிறகு ஒரு சிக்கல் வரும். மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். பல வீடுகளில் அன்றைக்கு ஃப்ரிட்ஜ் கிடையாது. மருந்துக்கடை, பால் பூத், வாத்தியார் வீடு, பஞ்சாயத்துத் தலைவர் வீடு என்று யாரிடமாவது கேட்டாக வேண்டும். கேட்டால் என்ன மருந்து, யாருக்கு, எதற்கு என்று சொல்லியாக வேண்டும். இங்கேதான் பலர் நின்றுவிடுவார்கள். ஊசிக்குப் பயப்படாத பெண்கள் இதற்குப் பயந்தார்கள்.

ஏன் என்பது அவர்கள் வாழ்க்கையைக் கேட்டால் புரியும். குழந்தை தவழ ஆரம்பித்ததும் உடம்பில் நீல நீலமாகத் தடிப்பு வருகிறது. "பிள்ளையை அடிச்சியா?" என்று முதல் கேள்வி. பரிசோதனையில் நோய் தெரிந்ததும் அடுத்த பேச்சு: "எங்க பரம்பரையில இப்படி ஒண்ணு இல்ல. உங்க வீட்டு ரத்தம்." ஹீமோஃபிலியா எக்ஸ் குரோமோசோம் வழியாகப் போவதால் தாயிடமிருந்து மகனுக்கு வருகிறது என்பது உண்மைதான். ஆனால் மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களில் முன்னால் யாருக்கும் இருந்ததேயில்லை. மரபணுவில் புதிதாக நேர்ந்த மாற்றம். தாத்தா, பாட்டி, மாமனார், மாமியார் எல்லோரையும் உட்கார வைத்து இதைச் சொல்வதை நான் சிகிச்சையின் பகுதியாகவே வைத்திருந்தேன். தாயிடம்மட்டும் சொல்லி அனுப்பினால், வீட்டில் போய் அதை நிரூபிக்கும் பாரம் அவள்மேலேயே விழும். குழந்தைக்கு ஏதாவது நேர்ந்தால் தன்னை விரட்டிவிடுவார்கள் என்று பயந்து, வீங்கிய முட்டியைப் பாவாடைத் துணியால் மூடி இரண்டு நாள் மறைத்து வைத்திருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அந்தப் பையனின் கால் இன்றும் முழுதாக நீளாது.

மறைப்பதற்கு இன்னொரு விளைவு உண்டு. நோய் தெரியாத சொந்தக்காரர்கள் அன்பாகவே கெடுதல் செய்வார்கள். வீங்கிய மூட்டை எண்ணெய் போட்டு உருவி விடுவார்கள்; கசிவு இரட்டிப்பாகும். சுளுக்கு என்று கட்டுப் போட அழைத்துப் போவார்கள். காய்ச்சலுக்குப் பக்கத்து கிளினிக்கில் இடுப்பில் ஊசி போடுவார்கள். தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும். வலிக்கு ஆஸ்பிரினோ புரூஃபனோ கொடுத்துவிடுவார்கள். இரண்டுமே கூடாது, பாராசிட்டமால்தான் கொடுக்கலாம். பிறகு காதுகுத்து. குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்குத் தெரியாததில்லை. விழாவை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். தேதியை முன்னாலேயே சொல்லுங்கள், டாக்டரிடம் கேட்டு ஃபேக்டர் போட்டு அனுப்புகிறோம் என்போம். இஸ்லாமியக் குடும்பங்களுக்கு சுன்னத்தும் அப்படியே. அதை மருத்துவமனையில் மருந்துப் பாதுகாப்போடு செய்வோம். சொல்லாமல் செய்துவிட்டு, ரத்தம் நிற்காமல் தூக்கி வந்த குழந்தைகள்தான் எங்களை நடுங்க வைத்தவர்கள்.

ஒரு அம்மா ஃப்ரிட்ஜுக்காக ஊர் மருந்துக்கடைக்காரரிடம் தைரியமாகப் போய்க் கேட்டார். அவர் மேல்தட்டை ஒதுக்கிக் கொடுத்தார். பிறகு நடந்ததைத்தான் சொல்ல விரும்புகிறேன். கடைக்கு வருகிறவர்களிடம் அவரே பையனைப் பற்றிச் சொன்னார். பள்ளிக்கூட வாத்தியாருக்குச் செய்தி போனது. பையன் மைதானத்தில் விழுந்தால் வாத்தியார் முதலில் மருந்துக்கடைக்கு போன் போடுவார், கடைக்காரர் அம்மாவுக்கு ஆள் அனுப்புவார், ஐஸ் கட்டி பக்கத்துக் கூல்டிரிங்க்ஸ் கடையிலிருந்து வரும். ஊசி ஏறுவதற்கு முன்பே காலுக்கு ஓய்வும் ஐஸும் கிடைத்துவிடும். அந்தப் பையன் கல்லூரி போனபோது நேராக நடந்து போனான்.

பள்ளிக்கூடங்களோடு நான் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு ஆகும். "எதுக்கு வம்பு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சேர்க்கையை மறுத்த தலைமையாசிரியர்களும் உண்டு, வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியவர்களும் உண்டு. நாங்கள் ஒரு கடிதம் கொடுத்தனுப்புவோம். முட்டி போட வைக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, மூட்டு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் வீக்கம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் வீட்டுக்குச் சொல்ல வேண்டும், தலையில் அடிபட்டால் உடனே. வெளியே வீக்கம் தெரிவதற்கு முன்பே இந்தப் பிள்ளைகளுக்கு மூட்டுக்குள் ஒரு குறுகுறுப்புத் தெரியும். அதை நம்ப வேண்டும். கடிதத்தின் கடைசி வரியை நான் எப்போதும் அடிக்கோடிடுவேன்: இவனை விளையாட விடுங்கள். கபடி வேண்டாம், குத்துச்சண்டை வேண்டாம். நீச்சல், சைக்கிள், நடை எல்லாம் வேண்டும். தசை வலுவாக இருந்தால் மூட்டைத் தாங்கும். பொத்திப் பொத்தி உட்கார வைத்த பையன்களின் தொடை சூம்பிப்போய், சும்மா எழுந்து நின்றாலே முழங்கால் கசிவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் நீச்சல் குளம் கிடையாது, கிணறு உண்டு. படி இறங்கி நீந்து, மேட்டிலிருந்து குதிக்காதே என்று சொல்லி அனுப்புவோம்.

இவ்வளவையும் மருத்துவமனை ஊழியர்கள் மட்டும் செய்துவிட முடியாது. நோயாளிகளும் குடும்பத்தாரும் சேர்ந்த சங்கம் இருந்தது. மாதம் ஒரு முறை கூடுவார்கள், பெரும்பாலும் யாராவது இலவசமாகக் கொடுத்த கல்யாண மண்டபத்தில். முன்வரிசையில் மடங்காத கால்களோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்த்துத்தான் இளம் அம்மாக்கள் முதலில் அழுவார்கள். என் மகனும் இப்படித்தான் ஆவானா என்ற பயம். பிறகு அந்தப் பெரியவர்களே பேச ஆரம்பிப்பார்கள். அவர்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் முழு ரத்தமும் பிளாஸ்மாவும்தான் மருந்து. 1960களில் அமெரிக்காவில் ஜூடித் பூல் என்ற அம்மையார், உறைந்த பிளாஸ்மாவை மெல்ல உருகவிட்டால் அடியில் தங்கும் படிவில் எட்டாவது காரணி செறிந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அதுதான் கிரையோ. பையன்கள் பலர் அதில்தான் உயிர் பிழைத்தார்கள். ஆனால் 1980களில் கிருமி நீக்கப்படாத ரத்தப் பொருள்கள் வழியாக எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சியும் உலகெங்கும் ஹீமோஃபிலியாக்காரர்களைத் தாக்கின. உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்பை 1963ல் தொடங்கிய கனடாவின் ஃபிராங்க் ஷ்னாபெல் தாமே இந்த நோயாளி. 1987ல் எய்ட்ஸால் இறந்தார். அவர் பிறந்த ஏப்ரல் 17ஐத்தான் 1989 முதல் உலக ஹீமோஃபிலியா நாளாகக் கொண்டாடுகிறோம். இந்தியக் கூட்டமைப்பை 1983ல் தொடங்கிய அசோக் பகதூர் வர்மாவும் இந்த நோயோடு வாழ்ந்தவர்.

அரசு மருத்துவமனைகளில் இன்று ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறதென்றால், அது தானாக வந்துவிடவில்லை. ஊன்றுகோலோடு ஆட்சியர் அலுவலகத்துப் படியேறி மனுக் கொடுத்தவர்கள் சங்கத்துப் பெரியவர்கள். 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 குறைபாடுகளில் ஒன்றாக ஹீமோஃபிலியா சேர்ந்தது. அன்று சங்கத்தில் இனிப்புக் கொடுத்தார்கள். ஆனால் அதே சட்டத்தின் 34வது பிரிவு அரசு வேலையில் தரும் 4 சதவீத ஒதுக்கீட்டில் ரத்தக் குறைபாடுகள் இல்லை. மூட்டு முடங்கிப்போனவர் கை, கால் ஊனம் என்ற வகையில் கேட்கலாம். மூட்டைக் காப்பாற்றிக்கொண்டவருக்கு அந்த வழியும் இல்லை. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ராத்திரி வீக்கம் வந்து மறுநாள் வேலைக்குப் போக முடியாத பையனைத் தனியார் கம்பெனி எத்தனை மாதம் வைத்துக்கொள்ளும்?

சங்கக் கூட்டங்களில் ஒரு குறை எனக்கு நெடுநாள் உறுத்தியது. பையன்களைச் சுற்றியே எல்லாம் நடந்தது. அக்கா தங்கைகள் ஓரத்தில் உட்கார்ந்து தம்பியின் பையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அம்மாவின் கவனம் முழுவதும் தம்பியிடம்; தன் மாதவிலக்கு எட்டுப் பத்து நாள் நிற்கவில்லை என்பதை அந்தப் பெண் யாரிடமும் சொல்வதில்லை. நோயைக் கடத்துபவர் என்று முத்திரை குத்தப்பட்ட இந்தப் பெண்களில் பலருக்கே காரணி அளவு குறைவாக இருக்கும். 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அவளுக்கும் ஹீமோஃபிலியாதான் என்று மருத்துவ உலகமே அண்மையில்தான் தெளிவாக வகுத்தது. ஒரு பையனின் அக்கா, ரத்தசோகையால் உதடு வெளுத்துப்போய் எதிரே நின்றாள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாளே தவிர, காரணி அளவை யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது 22 சதவீதம். அதன்பிறகு அவள் பல் பிடுங்கியபோதும், பிரசவத்தின்போதும் டாக்டர்கள் தயாராக இருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னபோது நானும் கூடப் போயிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில வச்சுக்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். எல்லா வீடும் அப்படியில்லை. சொல்லி முறிந்த சம்பந்தங்களும் உண்டு.

சொந்தத்தில் கல்யாணம் செய்வது பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். அக்கா மகளைக் கட்டுவது எங்கள் பக்கம் உரிமை. ஆனால் தாய்மாமனுக்கு ஹீமோஃபிலியா, அக்கா மகள் நோயைக் கடத்துபவள் என்றால், அவர்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தைக்கும் சரிபாதி வாய்ப்பில் முழு நோயே வரும். ஹீமோஃபிலியா தவிர, 13வது காரணிக் குறைபாடு, வான் வில்லிபிராண்ட் நோயின் கடுமையான வகை ஆகியவை தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வர வேண்டியவை. நெருங்கிய உறவில் மணக்கும் குடும்பங்களில் அதிகம். ஆண், பெண் வேறுபாடில்லாமல் வரும். 13வது காரணி இல்லாத குழந்தைக்குத் தொப்புள்கொடி விழுந்த இடத்தில் ரத்தம் நிற்காது. வழக்கமான உறைதல் பரிசோதனையில் அது தெரியவும் தெரியாது. தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் மாதம் ஒருமுறை கிரையோவோ காரணியோ ஏற்றினால் போதும், தலைக்குள் ரத்தம் கசியாமல் காப்பாற்றிவிடலாம்.

நான் ஓய்வுபெறும் தறுவாயில் காலம் வேகமாக மாறியது. எமிசிசுமாப் என்ற மருந்து வந்தது. நரம்பைத் தேட வேண்டாம், தோலுக்கடியில் வாரம் ஒரு முறையோ மாதம் ஒரு முறையோ போடலாம். ஃபேக்டருக்கு எதிர்ப்பொருள் உண்டாகி எந்த மருந்தும் பலிக்காமல் தவித்த ஏ வகைப் பிள்ளைகளுக்கும் அது வேலை செய்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள 5 பேருக்கு மரபணு சிகிச்சை செய்து அவர்களுக்குக் கசிவு நின்றதை 2024ல் வெளியிட்டார்கள். செய்தியைப் படித்த அன்று, என்னிடம் ஊசி கற்ற அம்மாக்களில் மூன்று பேர் போனில் கூப்பிட்டார்கள். பி வகைப் பிள்ளைகளுக்கு எமிசிசுமாப் பயன்படாது. ஏ வகைப் பிள்ளைகளுக்கும் அடிபட்டால், அறுவை சிகிச்சை என்றால், ஃபேக்டர் வேண்டும். அதனால் கற்றதை மறந்துவிடாதீர்கள் என்று அவர்களிடம் சொன்னேன்.

இதைப் படிப்பவர்களிடம் கேட்பது இதுதான். தொப்புளில், பல் முளைக்கும் ஈறில், தவழும் முழங்காலில் உங்கள் குழந்தைக்கு ரத்தம் கட்டினாலோ நிற்கவில்லை என்றாலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போய் உறைதல் காரணிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பையனுக்கு நோய் உறுதியானால் அவன் அம்மாவுக்கும், அக்கா தங்கைகளுக்கும், சித்தி பெரியம்மாக்களுக்கும் அதே பரிசோதனையை எடுங்கள். பெண்ணுக்குப் பல் பிடுங்கும் முன்னும் பிரசவத்துக்கு முன்னும் அந்தச் சீட்டு டாக்டர் கையில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் மருந்துப் பெட்டியோடு வந்து உங்கள் ஃப்ரிட்ஜில் கொஞ்சம் இடம் கேட்டால், கொடுங்கள்.